காவிரிக்கரையா, சேன் நதிக்கரையா?

கேள்வி: மகன் பாரிஸில் பாஸி என்ற பகுதியில் குடியிருக்கிறான். பணக்காரப் பேட்டையாம், வாசலிலேயே மெட்ரோவாம். முசிறி வீட்டை விற்றுவிட்டு அங்கேயே வந்துவிடச் சொல்கிறான். போகலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், முசிறி

பதில்: போக்குவரத்தில் மகன் கட்சிதான் ஜெயிக்கும். நீங்கள் ரயிலேற வேண்டுமானால் காவிரிப் பாலத்தைத் தாண்டிக் குளித்தலைக்குப் போகவேண்டும். பாஸியிலோ ரயிலே ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்து நிற்கிறது, அதுவும் ஈஃபில் கோபுரத்தைக் காட்டிக்கொண்டே. ஆனால் பேட்டைப் பெருமையை ரொம்ப நம்பாதீர்கள். 1860-ல் பாரிஸோடு சேர்க்கும்வரை பாஸியும் ஊருக்கு வெளியே கிடந்த கிராமம்தான். நாவலாசிரியர் பால்சாக் 1840-ல் அங்கே குடிபோனது அழகுக்காக அல்ல, கடன்காரர்களுக்குப் பயந்து. இருந்தது பொய்ப்பெயரில், வீட்டுக்கோ இரண்டு தெருவில் இரண்டு வாசல். போக்குவரத்து வசதி என்றால் அதுவல்லவா! இன்று அந்த வீடு அருங்காட்சியகம். கறிவேப்பிலைக்கு மட்டும் மெட்ரோ பிடித்து, ஈழத்தமிழர் கடைகள் வரிசைகட்டிய லா ஷப்பேல் பக்கம் போகவேண்டும். கொசுறாகத் தருவார்களா என்று மகனைக் கேட்டுவையுங்கள். சுற்றுலா விசா எப்படியும் 90 நாள்தான். போய்வாருங்கள், வீட்டை விற்காதீர்கள்.