யெஸ்ஸின் பிற்கால ஆல்பங்களைப் பற்றிச் சண்டை போடுவது எப்படி?

லண்டனில் 1968இல் ஜான் ஆண்டர்சனும் கிறிஸ் ஸ்கொயரும் ஆரம்பித்த யெஸ் இசைக்குழு, ஆட்களை மாற்றிக்கொண்டே ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இருபது நிமிடப் பாட்டு, அடுக்கி வைத்த கீபோர்டுகள், அட்டையில் ரோஜர் டீன் வரைந்த மிதக்கும் பாறைகள் என்று புராக்ரசிவ் ராக்கின் சகல லட்சணங்களும் பொருந்திய குழு. 1971இல் வந்த 'ஃப்ரஜைல்', 1972இல் வந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்' இரண்டும் அற்புதம் என்பதில் ரசிகர்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. அதனால் அவற்றைப் பற்றி அதிகம் பேசுவதும் கிடையாது. பேச்செல்லாம் பிற்கால ஆல்பங்களைப் பற்றித்தான். அந்தப் பேச்சில் புதிதாக வாயைக் கொடுக்க ஆசைப்படுபவர்களுக்கு இந்தப் பாலபாடம்.

1. பிற்காலம் எந்த வருடம் தொடங்கியது என்று அடித்துச் சொல்லுங்கள்

காரணம் கேட்க மாட்டார்கள், வருடம்தான் முக்கியம். 1972இல் டிரம்மர் பில் புரூஃபோர்ட் கிங் கிரிம்சனுக்குப் போன அன்றே எல்லாம் முடிந்தது என்பவர் கூட்டத்திலேயே மூத்தவர். அவர் வந்தால் நாற்காலி கொடுத்துவிடுங்கள். 1978இன் 'டொர்மேட்டோ'வோடு முடிந்தது என்பவர் நடுநிலைவாதி. 1980 என்பவர் ஆண்டர்சன் பக்தர். 1983 என்பவர் எம்டிவியை இன்னும் மன்னிக்காதவர். ஸ்கொயர் இறந்த 2015 என்பவர் நல்ல மனுஷர். அவரோடு மல்லுக்கு நிற்பது பாவம்.

எதிராளி சொல்லும் வருடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குச் சற்று முன்னால்தான் அவருக்குப் பதினேழு வயது ஆகியிருக்கும். இதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சண்டை அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் பொழுது எப்படிப் போகும்?

2. 'இது யெஸ்ஸே இல்லை' என்ற வாக்கியத்தைப் பழகுங்கள்

எந்தக் காலத்து ஆல்பத்தின் மீதும் இதை வீசலாம். 1980இல் 'டிராமா' வந்தபோது ஆண்டர்சனும் இல்லை, கீபோர்டு ரிக் வேக்மனும் இல்லை. அந்த இடத்தில் பகிள்ஸ் என்ற பாப் இரட்டையர், ட்ரெவர் ஹார்னும் ஜெஃப் டவுன்ஸும். 1989இல் கதை தலைகீழ்: ஆண்டர்சன், புரூஃபோர்ட், வேக்மன், கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹவ் நால்வரும் சேர்ந்து ஆல்பம் போட்டார்கள், ஆனால் யெஸ் என்ற பெயரின் உரிமை இவர்கள் கையில் இல்லை. நாலு பேர் பெயரையும் வக்கீல் ஆபீஸ் பலகை மாதிரி வரிசையாக எழுதிக்கொண்டார்கள்.

2008இல் ஆண்டர்சன் உடம்புக்கு முடியாமல் படுத்ததும், யெஸ் பாட்டுகளை நகலெடுத்துப் பாடிவந்த ஒரு கனடா குழுவிலிருந்து பெனுவா டேவிட்டைக் கூட்டிவந்தார்கள். அவருக்குப் பின் வந்த ஜான் டேவிசனும் அப்படியொரு நகல் குழுவில் பாடியவரே. 'நகல் பாடகர்' என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். 'அசலுக்கே மறந்துபோன வரிகள் அவருக்கு ஞாபகம் இருக்கின்றன' என்று எதிராளி சொல்வார். மல்லாடத் தயாராக இருங்கள்.

இந்த வாதத்தில் ஓர் ஆபத்து உண்டு. 2017இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் யெஸ்ஸைச் சேர்த்தபோது, தனித்தனியே ஊர் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு யெஸ் கோஷ்டிகளும் ஒரே மேடையில் ஏறின. 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' பாட்டுக்கு அன்று பேஸ் கிட்டார் வாசித்தவர் ஸ்டீவ் ஹவ். அந்தப் பாட்டு பதிவானபோது அவர் குழுவிலேயே இல்லை! யார் யெஸ், யார் இல்லை என்று அவர்களுக்கே அன்று அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. நமக்கு இருக்கிறது.

3. உங்களுக்கென்று ஒரு மட்டமான ஆல்பம் வைத்துக்கொள்ளுங்கள்

பிடித்த ஆல்பம் இல்லாமல்கூடக் காலம் தள்ளலாம். இது இல்லாமல் முடியாது. நல்ல வேட்பாளர்கள் நாலு பேர்.

'டொர்மேட்டோ': அட்டையில் தக்காளியை விட்டெறிந்த கறை. உள்ளே வேக்மனின் பாலிமூக் சின்தசைசரும் ஹவ்வின் கிட்டாரும் ஒரே சுருதி எல்லைக்குள் நின்று ஒன்றையொன்று முழங்கையால் இடித்துக்கொள்ளும்.

'யூனியன்' (1991): 1989இன் அந்த நால்வரும் யெஸ் என்ற பெயரைக் கையில் வைத்திருந்தவர்களும் சேர்ந்து இரண்டு கோஷ்டி, எட்டுப் பேர். போதாததற்கு, கூலிக்கு வந்து வாசித்த ஸ்டுடியோ கலைஞர்கள். வேக்மனே இதற்கு 'ஆனியன்' என்று பெயர் வைத்தார். கேட்டால் கண்ணீர் வருகிறதாம்.

'ஓப்பன் யுவர் ஐஸ்' (1997): கடைசிப் பாட்டின் நீளம் கிட்டத்தட்ட 24 நிமிடம். பாட்டு என்னவோ சில நிமிடங்களில் முடிந்துவிடும். மீதி நேரம் இயற்கை ஒலிகள், நடுநடுவே அதே ஆல்பத்தின் குரல் துண்டுகள். 'ஆல்பத்திலேயே அந்தப் பகுதிதான் தேவலை' என்று சொன்னால், அன்றைக்கு நீங்கள்தான் ஹீரோ.

'ஹெவன் அண்ட் எர்த்' (2014): ஆமை வேகம் என்பது குற்றச்சாட்டு. 'ஒன்றேகால் மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை' என்று சொல்லிவையுங்கள். ஆனால் ஸ்கொயர் வாசித்த கடைசி ஸ்டுடியோ ஆல்பம் இது என்று யாராவது தொண்டை கம்மச் சொன்னால், உடனே பேச்சை மாற்றிவிடுங்கள்.

4. '90125'ஐ எச்சரிக்கையோடு அணுகுங்கள்

1983இல் வந்த ஆல்பம். பெயர்கூட யோசித்து வைத்ததல்ல, கம்பெனியின் கேட்டலாக் எண். இதிலிருந்துதான் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த அவர்களின் ஒரே சிங்கிள் பாட்டான 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' வந்தது. ஆகவே, 'காசுக்காக பாப் பக்கம் போனார்கள்' என்று முழங்கத் தோன்றும். பொறுங்கள். யெஸ்ஸுக்குக் கிடைத்த ஒரே கிராமி விருது இதே ஆல்பத்துக்காகத்தான். கிடைத்தது அந்த ஹிட் பாட்டுக்கு அல்ல. 'சினிமா' என்ற, பாடலே இல்லாத, இரண்டு நிமிடச் சொச்ச வாத்திய உருப்படிக்கு. இந்தத் தகவலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வரும் ரசிகர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார்.

5. தோற்கும் நிலை வந்தால் 1973க்கு ஓடுங்கள்

பழைய ஆல்பங்களைத் தூக்கிப்பிடிப்பவரின் பலவீனம் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்'. இரட்டை இசைத்தட்டு, நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரித'த்தில், சாத்திரங்களை நாலாகப் பிரித்துச் சொல்லும் ஓர் அடிக்குறிப்பு உண்டு. அதைப் படித்துப் பரவசமான ஆண்டர்சன், எண்பது நிமிடத்துக்குப் பாட்டுக் கட்டிவிட்டார். புத்தகம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வேக்மனுக்கு இதில் வாசிக்கப் பெரிதாக வேலை இல்லை. மான்செஸ்டர் கச்சேரியில், ஆர்கனுக்கு அடியில் இருந்த உதவியாளர், 'கச்சேரி முடிந்ததும் என்ன சாப்பிடுவீர்கள்?' என்று கேட்க, இவர் விண்டாலு, புலாவ், அப்பளம் என்று அடுக்கினார். உதவியாளர் அதைக் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே சுடச்சுட வாங்கிவந்து நீட்டினார். வேக்மன் கீபோர்டு மேலேயே பரப்பிவைத்துச் சாப்பிட்டார். அடுத்த வருடம் குழுவைவிட்டே போய்விட்டார். 'உங்கள் பொற்காலத்தில் மேடையில் இருந்தவருக்கே பசித்தது' என்று சொல்லி உட்காருங்கள். இதற்கு மறுமொழி கிடையாது.

6. புது ஆல்பம் வந்தால்

முன்பதிவு செய்து வாங்குங்கள். சாதாரண சிடி போதாது. வைனில், டீலக்ஸ் பெட்டி எல்லாம் வேண்டும். வந்து சேர்வதற்கு முன்பே கண்டனத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் 'தி குவெஸ்ட்', 2023இல் 'மிரர் டு தி ஸ்கை' என்று ஹவ் விடாமல் போட்டுக்கொண்டிருப்பதற்குக் காரணம், கழுவி ஊற்றுகிறவர்கள் ஒரு பிரதிகூட விடாமல் வாங்குவதுதான். ஒரு குழுவை உண்மையாகவே வெறுப்பவருக்கு அதன் இருபதாவது ஆல்பத்தின் பெயர் தெரிந்திருக்காது.

7. ஒரே ஒரு எச்சரிக்கை

சண்டைக்கு முந்தின நாள் அந்த ஆல்பத்தை மறுபடியும் கேட்டுத் தொலைக்காதீர்கள். 'டிராமா'வுக்கு நடந்தது தெரியும் அல்லவா? 1980இல் இங்கிலாந்து மேடைகளில் ஹார்னைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். 2016இல் அதே ஆல்பத்தைக் குழு முதலிலிருந்து கடைசிவரை மேடையில் வாசித்தபோது கைதட்டினார்கள். 2011இன் 'ஃப்ளை ஃப்ரம் ஹியர்' ஆல்பத்தில் பெனுவா டேவிட் பாடியதையெல்லாம் அழித்து, ஹார்ன் குரலில் மறுபடி பாடவைத்து 2018இல் வெளியிட்டபோது, 'இதுதான் சரியான குரல்' என்றார்கள்.

உங்களுக்கும் இது நேரலாம். திட்டுவதற்காகப் போட்ட தட்டில் நாலாவது பாட்டு திடீரென்று பிடித்துப்போகலாம். பதற வேண்டாம், யாரிடமும் மூச்சு விட வேண்டாம். பத்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே இருங்கள். ஊரே அந்த ஆல்பத்தைப் பாராட்டத் தொடங்கியதும் எழுந்து நின்று, 'நான் அன்றைக்கே சொன்னேன்' என்று ஆரம்பியுங்கள்.