முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே: சங்கரன்கோவில் வட்டாரத் தலையாட்டல் குறித்த ஓர் ஆய்வு

ஆட்டோமேட்டிக் கார் வாங்கியவர் மூன்று இடங்களில் தலையாட்டுகிறார். ஷோரூமில் விலை சொன்னபோது. வீட்டில், 'இதுதான் வேணும்' என்று மனைவி சொன்னபோது. பிறகு சாலையில், முதல் கியர் விட்டு இரண்டாவது விழும் ஒவ்வொரு தடவையும். முதலிரண்டும் அவர் சம்மதத்தோடு நிகழ்பவை. சம்மதமின்றி நிகழும் மூன்றாவதே இங்கு ஆய்வுப் பொருள்.

ஆய்வுக் களம், சங்கரநாராயணர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகள். பூ மூட்டை ஏற்றிய மொபெட், மினி பஸ், எதற்கும் அசையாத மாடு எனத் தடைகள் இயற்கையாகவே அமைந்துள்ளன. இரண்டாம் கியரை எட்டிப் பார்த்துவிட்டு முதலுக்கே திரும்ப இதைவிடத் தோதான சோதனைச்சாலை எந்தக் கார் கம்பெனியிடமும் இராது. கருவி, முக்கால் அளவு சாம்பார் கொண்ட தூக்குவாளி. முன் சீட்டுக்குக் கீழே, உட்கார்ந்திருப்பவரின் இரு பாதங்களுக்கு நடுவே வைக்கப்படும். சாம்பார் முன்பக்கம் ஏறினால் வண்டி தயங்கியது என்று பொருள். பின்பக்கம் ஏறினால் பாய்ந்தது என்று பொருள். முன்னே ஏறிப் பின்னே சரிந்தால் அது ஏஎம்டி வண்டி, அதாவது கம்ப்யூட்டர் கியர் மாற்றும் மேனுவல். மூடி கழன்றால் ஆய்வு அத்துடன் நிறைவுறும்.

இத்தலையாட்டல் நோய் பற்றி டீக்கடைகளில் நான்கு மதங்கள் நிலவுகின்றன. பெட்டியையே மாற்று என்பர் பெட்டி மதத்தார். எண்ணெய் மாற்றினால் சரியாகும் என்பர் எண்ணெய் மதத்தார். 'ஸ்கேனர் மாட்டணும்' என்பதற்கு மேல் பேசார் கம்ப்யூட்டர் மதத்தார். நான்காவது திருஷ்டி மதம். எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்திலேயே இருப்பது அம்மதம் தழைக்க ஒரு காரணமாகலாம். நான்கு மதத்தாரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: வண்டிக்குள் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக்?

2014இல் மாருதி செலேரியோ வந்த பிறகு நம்மூர் சின்னக் கார்களில் பரவியது ஏஎம்டி. இதன் தத்துவத்தை சங்கரன்கோவில்காரருக்கு விளக்குவது எளிது. பாதி சிவன், பாதி திருமாலாக நிற்கும் மூர்த்தியைத் தினம் கும்பிடுகிறவர்கள்தானே! ஏஎம்டியில் பெட்டி பழைய மேனுவல் பெட்டியேதான், கிளட்சும் அதே கிளட்ச்தான். மிதிப்பதும் கியர் தள்ளுவதும் மட்டும் கம்ப்யூட்டர் ஏவும் மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ. மேனுவல் உசத்தியா, ஆட்டோமேட்டிக் உசத்தியா என்று சண்டை போடுகிறவர்கள், சிவனா திருமாலா என்று வழக்காடிய சங்கன், பதுமன் என்னும் நாகர்களின் வழிவந்தவர்கள். அவர்களுக்குக் காட்சி கிடைத்தது. இவர்களுக்கு ஜெர்க் கிடைக்கிறது.

கணக்கு எளியது. சின்னக் கார்களில் முதல் கியர் விகிதம் சுமார் 3.5, இரண்டாவது சுமார் 1.9. என்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது கியர் மாறினால் அது ஏறக்குறைய 1,600க்கு இறங்கியாக வேண்டும். அதற்குள் கிளட்ச் பிரிந்து, கியர் மாறி, கிளட்ச் சேர வேண்டும். பிரிந்திருக்கும் நேரத்தில் சக்கரத்துக்கு இழுவை இல்லை. வண்டி தயங்குகிறது, தலை முன்னே போகிறது. ஆக, லேசான தலையாட்டல் ஏஎம்டிக்கு நோயன்று, சுபாவம். பட்டறையில் ஒருவர் இதையே ஒற்றை வரியில் முடித்தார்: "அண்ணாச்சி, வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஒங்க காலுதான் அவசரப்படுது." மருந்தும் அதிலேயே இருக்கிறது. கியர் மாறும் நொடியில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பிறகு மிதித்தால் தூக்குவாளி அமைதியுறும்.

நேற்றுவரை இல்லாத ஆட்டம் இன்று வந்தால்தான் அது நோய். ஏஎம்டியில் முதலில் கிளட்ச் தேய்மானம் பார்க்க வேண்டும். மேட்டில் பிரேக் மிதிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் கிளட்சைத் தாமே வறுத்தெடுக்கிறார்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வகையானால் அதற்கென உள்ள குட்டி டப்பாவில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி சோர்ந்தாலும் கியர் முரண்டு பிடிக்கும். கிளட்ச் மாற்றியபின் அது பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்பிக்கும் வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்தால் புதுக் கிளட்சும் பழையபடியே குதிக்கும். 'டி'யிலிருந்து 'ஆர்' போடும்போது மட்டும் 'டொம்' என்றால் சந்தேகத்தை என்ஜின் மவுண்ட் ரப்பர் பக்கம் திருப்புக.

கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே இழுவை கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகையில் எண்ணெய் மதம் பெருமளவு வெல்லும். 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக்கைக் கொண்டுவந்த நாள்முதல் இந்த வம்சம் எண்ணெயை நம்பியே பிழைக்கிறது. அளவுகோல் உள்ள வண்டியில், சூடான என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, சமதளத்தில் நிறுத்தி எண்ணெய் பார்ப்பது வழக்கம். சிவப்பாக இருந்தால் நலம். பழுப்பாகிக் கருகல் வாடை வந்தால் உள்ளே தேய்மானம். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ புகுந்துவிட்டது. மூன்றாவது வகையான சிவிடியில் மாற்றப் படிக்கட்டுக் கியரே கிடையாது. ஆகவே அது குலுங்கினால் சுபாவம் என்று சமாதானம் சொல்ல வழியில்லை, உடனே காட்ட வேண்டும்.

ஸ்கேனரில் 'பி 0700' என்று வந்தால் பதற வேண்டாம். கியர் பெட்டியின் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. தாலுகா ஆபீசில் மனுவுக்குக் கிடைக்கும் ரசீது எவ்வளவு சொல்லுமோ அவ்வளவே. கூடவே உள்ள அடுத்த எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆய்வின் முடிபு பெட்டி மதத்தாருக்கு எதிரானது. புதுப் பெட்டிக்கு எஸ்டிமேட் போட்டு நீட்டினால், எண்ணெய், பேட்டரி, மவுண்ட், கிளட்ச் நான்கையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். எண்ணெய் மாற்ற ஒப்புக்கொண்டாலும், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் ரகத்தையே ஊற்றச் சொல்லுங்கள். சிவிடி பெட்டியில் சாதா கியர் ஆயில் ஊற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள்.