பழைய பெட்டிக்குப் பந்தி இல்லையோ?

ஜூலை முதலாம் திகதி மொன்றியல் ஊரே வீடு மாறுற நாள். பார்க் எக்ஸ்ரென்சன் ஒழுங்கையளிலை நடந்து பாருங்கோ: மெத்தை, கதிரை, ஒரு கால் முறிஞ்ச மேசை, எல்லாம் றோட்டுக் கரையிலை வரிசைக்குக் குந்தியிருக்கும். நான் அண்டைக்குத் தேத்தண்ணியும் குடியாமல் விடியவே இறங்கிற ஆள். போன வருசம் அந்தக் குவியலுக்குள்ளை, மூடி இல்லாத சோத்துக் குக்கருக்குப் பக்கத்திலை, ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. தூக்கிப் பாத்தன். நல்ல பாரம். பாரமான சாமான் லேசிலை செத்திருக்காது எண்டு எனக்கொரு எண்ணம்.

வீட்டுக்குள்ளை கொண்டுவர மருமகள் மூக்கைப் பொத்தினா. பேரப்பெடியன் கந்தரோடையிலை கிண்டியெடுத்த பானையைப் பாக்கிற மாதிரிப் பாத்தான். "அப்பப்பா, உது பிளேஸ்ரேசன் 4. 2013 இலை வந்த சாமான். ஆர் உதைத் தூக்கச் சொன்னது?"

"நீ 2008. உது உன்னை விட அஞ்சு வயது இளசு. உன்னை நாங்கள் இன்னும் றோட்டிலை வைக்கேல்லைத் தானே?" எண்டன். மகன் சிரிச்சான். பெடியன் சிரிக்கேல்லை.

குசினி மேசையிலை பேப்பரை விரிச்சு, ஆணி ஆணியாய்க் கழட்டினன். காத்தாடிக்குள்ளை தூசி தும்பு மாதிரித் திரண்டு கிடந்தது. அதுக்குள்ளை பூனை மயிரும் ஒரு பாதி உருளைக்கிழங்குப் பொரியலும். ஒரு பழைய பல்லுப் பிறஸாலை தட்டியெடுத்தன். பழசு எண்டுதான் எடுத்தனான். மருமகள் பாவிக்கிற பிறஸ் எண்டு இரவுதான் தெரிஞ்சுது. திரும்பப் பூட்டிப் பட்டனை அமத்த, முதல் நீல வெளிச்சம், பேந்து வெள்ளை. காத்தாடி எழும்பின சத்தத்துக்குப் பலாலியிலை பிளேன் இறங்குது எண்டு நினைச்சன். ஆனால் உயிர் வந்திட்டுது.

பேரனிட்டை இருக்கிறது புதுசு, பிளேஸ்ரேசன் 5. சரி, ஓடுற பெட்டியை ஏன் சனம் றோட்டிலை வைக்குது எண்டு அவனைக் கேட்டன். "புது ஆட்டமெல்லாம் உதிலை வராது, அப்பப்பா. பழசு எல்லாரையும் பின்னுக்கு இழுக்குது. கொம்பனியள் கழட்டிவிடுறதுதான் சரி" எண்டான். மூண்டு நாளைக்கு முன்னம் மந்திரியாய்ப் பதவியேத்தவன் கதைக்கிற மாதிரி ஒரு உறுதி.

"அப்ப உன்ர கூட்டாளி ஒருத்தன் வருவானே, சபனெல் றோட்டிலை தாய் தையல் வேலை செய்யிற பெடியன். கனநாளாய்ச் சத்தத்தைக் காணேல்லையே?"

"அவனிட்டை நாலுதான் இருக்கு" எண்டு சொல்லிப்போட்டுப் போனைப் பாக்கத் துவங்கினான்.

பாத்தியளோ, கதை அங்கை கிடக்கு. தனிய விளையாடுற ஆட்டம் எண்டால் பழைய பெட்டிக்காரன் பழைய ஆட்டத்தை விளையாடிக்கொண்டு கிடப்பான், ஒருத்தருக்கும் நட்டமில்லை. கூட்டாய் விளையாடுற ஆட்டத்திலை பெட்டியைக் கழட்டிவிட்டால் பெட்டியோடை சேர்ந்து ஒரு பெடியனும் கழண்டு போறான்.

எனக்கேன் இந்த வில்லங்கம் எண்டு கேப்பியள். மொன்றியலிலை இருக்கிறவனுக்கு உதிலை பங்கு இருக்கு. 1997 இலை யூபிசொஃப்ற் கொம்பனி இஞ்சை வந்து சென் லோறன் றோட்டிலை ஒரு பழைய உடுப்புத் தொழிற்சாலைக் கட்டடத்திலை குடியேறினது. இப்பிடி வாற கொம்பனியளின்ர சம்பளச் செலவிலை கன காலமாய் 37.5 வீதம் வரைக்கும் கியூபெக் அரசாங்கம் வரிச்சலுகையாய்த் திருப்பிக் குடுத்தது. அதுக்குள்ளை நான் பதினெட்டு வருசம் சபனெலிலை துணி வெட்டிக் கட்டின வரியும் ரெண்டு சதம் இருக்கும். மொய் எழுதினவன் சாப்பாட்டைப் பற்றி வாய் திறக்கலாம்தானே.

இந்த ஊர்க் கொம்பனியள் பழசைக் கழட்டிவிட்ட கதை ரெண்டு எனக்குத் தெரியும். முதலாவது 2014 நவம்பர். யூபிசொஃப்ற் மொன்றியல்காரர் "அசாசின்ஸ் கிறீட் யூனிற்றி" எண்டு ஒண்டு விட்டவை. நாலு பேர் சேர்ந்து விளையாடலாம். புதுப் பெட்டிக்கு மட்டுந்தான். பழைய பெட்டிக்காரருக்கு அதே கிழமை "றோக்" எண்டு வேறையொரு ஆட்டம், கூட்டு விளையாட்டு இல்லாமல், கொல்லைப்பக்கத்தாலை பார்சல் குடுத்த மாதிரி. அந்த நேரம் கழட்டிவிடப்பட்ட பழசு எது தெரியுமோ? பிளேஸ்ரேசன் 3. மாப்பிளை மாதிரி மணவறையிலை இருந்த புதுசு பிளேஸ்ரேசன் 4. நான் சோத்துக் குக்கருக்குப் பக்கத்திலை இருந்து பொறுக்கின அதே மாப்பிளை!

புதுசுக்கெண்டே செய்த அந்த ஆட்டம் எப்பிடி வந்தது? சில பேருக்கு முகமே வரேல்லை. தோல் இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்திலை நிண்டு கதைச்சிது. மாதம் முடிய முன்னம் ஸ்ரூடியோத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் எண்டாளாம். முற்றத்தைத் திருத்திக் குடுத்தால் அடுத்ததாய்ச் சலங்கையைச் சொல்லுவாள்.

மற்றது வார்னர் பிரதர்ஸ் கேம்ஸ் மொன்றியலின்ர "கொதம் நைற்ஸ்". பற்மன் செத்துப்போக அவர் பழக்கின பிள்ளையள் ஊரைக் காக்கிற கதை. ரெண்டு பேர் சேர்ந்து விளையாடலாம். 2020 இலை அறிவிக்கேக்கை பழைய பெட்டிக்கும் உண்டு எண்டவை. 2022 மே மாதம், பழசுக்கு இல்லை எண்டிட்டினம். சரி, பாரம் குறைஞ்சிட்டுது, இனிக் குதிரை பறக்கும் எண்டு சனம் இருந்தது. ஒக்ரோபரிலை ஆட்டம் வந்தது. புதுப் பெட்டியிலை செக்கனுக்கு 30 படம்! வேறை கன ஆட்டங்கள் அதே பெட்டியிலை 60 காட்டேக்கை, இது முப்பதைத் தாண்டேல்லை. ரெண்டு பேரும் ஊரிலை எங்கை வேணுமெண்டாலும் தனித்தனியாய்த் திரியலாம், அதாலைதான் இந்தப் பாரம் எண்டு விளக்கம் சொன்னவை. விளக்கம் நியாயமாய்க் கூட இருக்கலாம். ஆனால் வண்டியிலை இருந்து கிழவனை இறக்கிவிட்டிட்டு, பிறகும் வண்டி அதே நடை நடந்தால், இறக்கின கிழவன் பின்னாலை நடந்து வந்து "என்ன தம்பியவை, நான்தான் பாரம் எண்டியள்?" எண்டு கேப்பான்தானே.

கொம்பனிக்காரன்ர பக்கத்திலையும் நியாயம் இருக்கு, அதை நான் மறைக்கேல்லை. கோயில் தேர் இழுத்திருக்கிறியளோ? வடத்திலை நூறு பேர் நிண்டாலும் தேர் போறது ஆக மெதுவாய் நடக்கிறவன்ர நடைக்குத்தான். முன்னுக்கு நிக்கிற கட்டிளங்காளை ரெண்டு எட்டு ஓடினால் வடம் இழுபடும், கிழவன் விழுவான். கூட்டு ஆட்டமும் உப்பிடித்தான். ஒருத்தன் சுவரை உடைச்சால் அந்த நேரமே எல்லாற்றை ரிவியிலையும் அதே சுவர் அதே இடத்திலை உடைய வேணும். நாலுக்குள்ளை சுத்துற தட்டிலை இருந்து தேடித் தேடித்தான் சாமான் எடுக்கும். அஞ்சுக்குள்ளை சுத்துற தட்டே இல்லை, நினைச்ச உடனை எடுக்கும். மூளையும் நாலுக்குக் கொஞ்சம் மந்தம். பத்தாததுக்கு ஒரு கறிக்கு ஆறு அடுப்பு: ரெண்டு பிளேஸ்ரேசன், மூண்டு எக்ஸ்பொக்ஸ், ஒரு கொம்பியூட்டர். ஒவ்வொரு அடுப்பிலையும் உப்புப் பாக்க ஆள் வேணும், சம்பளம் வேணும்.

அதுக்காகச் சிலபேர் பந்தியை ரெண்டாக்கிப் பாத்தவை. 2021 இலை "பற்றில்ஃபீல்ட் 2042" எண்ட சண்டை ஆட்டம் வரேக்கை, புதுப் பெட்டிக்காரருக்கு 128 பேர் இருக்கிற பெரிய களம். பழசுக்கு 64 பேர், சின்னக் களம், தனிப் பந்தி. புதுசும் பழசும் கலக்கேலாது. ஊரிலை உந்த ரெண்டு பந்தி விளையாட்டுப் பாத்துப் புளிச்சவன் நான், அதாலை எனக்கு அது தொண்டைக்குள்ளை இறங்கேல்லை. போகட்டும். பேந்து 2025 ஒக்ரோபரிலை "பற்றில்ஃபீல்ட் 6" வந்தது; மொன்றியலிலை இருக்கிற மோட்டிவ் ஸ்ரூடியோவும் அதிலை வேலை செய்தது. பழைய பெட்டிக்கு முழுக்கக் கதவடைப்பு. அப்ப களத்திலை 256 பேரோ எண்டு பேரனைக் கேட்டன். "இல்லை அப்பப்பா, 64" எண்டான். எந்த 64? பழசாலை அதுக்கு மேலை ஏலாது எண்டு சொன்ன அதே 64!

பேரன் விடேல்லை. "படம் பாருங்கோ அப்பப்பா, வீடு இடியிறதைப் பாருங்கோ, உது நாலிலை ஏலுமோ?" எண்டான். பாத்தன். உண்மைதான், வீடு இடியிறது மெத்த வடிவு. அந்த ஆட்டம் மூண்டு நாளிலை 70 லட்சம் வித்ததாம். ஆகக் கழட்டிவிட்டால் கொம்பனி பட்டினி கிடக்காது எண்டதையும் நான் ஒப்புக்கொள்ளத்தான் வேணும். நானும் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வீடு இடியிறதைப் பாத்தன். நிசத்திலை பாத்தவனுக்கு அது வேறை மாதிரி.

பழசை வைச்சு நாங்களும் சமாளிச்சனாங்கள்: தொண்ணூறுகளிலை யாழ்ப்பாணத்திலை பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, கறண்ட் இல்லை. ஒஸ்ரின் காருக்கு ரெண்டு சொட்டுப் பெற்றோலை மணக்கக் குடுத்து எழுப்பிப்போட்டு, மண்ணெண்ணெயிலை ஓட்டினம். சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தன் பெடலைச் சுத்த, டைனமோவிலை றேடியோ செய்தி வாசிச்சுது. சுத்துறவன் களைச்சால் செய்தியும் இழுபடும். ஜாம் போத்தலுக்குள்ளை கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் வைச்சுப் பிள்ளையள் படிச்சதுகள். இதைச் சொல்லிப் பழசுக்குக் காவடி எடுக்கிறன் எண்டு நினையாதேங்கோ. மண்ணெண்ணெய்க் கார் நாறும், புகைக்கும், ஏத்தத்திலை நிண்டு அழும். பெற்றோல் வந்த அண்டைக்கு ஒருத்தனும் மண்ணெண்ணெய் ஊத்தேல்லை. ஆனால் ஒண்டு: பெற்றோல் வந்த பிறகுதான் ஊத்துறதை விட்டனாங்கள். வரப்போகுது எண்டு வானொலியிலை சொன்ன உடனை விடேல்லை. கொம்பனிக்காரத் தம்பியவைக்கு நான் சொல்லுறதும் உவ்வளவுதான். பழசை விடு, ஆனால் அறுபதைக் கையிலை தந்திட்டு விடு. வாசலிலை மொய் வேண்ட முன்னமே ஆருக்கு இலை போடுறாய் எண்டு சொல்லு. கை கழுவிக்கொண்டு குந்தினவனை எழுப்பாதை.

அதே மொன்றியலிலை வேறை மாதிரியும் நடந்திருக்கு. யூபிசொஃப்ற்றின்ர "றெயின்போ சிக்ஸ் சீஜ்" 2015 டிசம்பரிலை வந்தது. பக்கத்துக்கு அஞ்சு பேர். 2020 இலை புதுப் பெட்டிக்கு வேறை பதிப்பு விட்டவை. ஆட்டம் வைச்சிருந்தவனுக்குச் சும்மா. நாலும் அஞ்சும் ஒரே களத்திலை நிக்கலாம். 2025 ஜூனிலை பேரையும் கொஞ்சம் மாத்தி வீட்டை வெள்ளையடிச்சவை. அப்பவும் பழைய பெட்டிக்காரனை வெளியிலை விடேல்லை. ஆட்களை அள்ளிச் சேர்த்துப் பத்து வருசம் காசு பாத்த கடை. கிழவனையும் கூட்டிக்கொண்டு போனால் தேர் இருப்பிடத்துக்கு வராது எண்டு அவையளுக்கு ஆரும் சொல்லேல்லைப் போலை.

சட்டம் ஒண்டும் இருக்கு. 2023 ஒக்ரோபரிலை கியூபெக் அரசாங்கம் போட்டது: கெதியாய்ப் பழுதாகட்டும் எண்டு வேணுமெண்டே சாமான் செய்யக்கூடாது. ஒழுங்காய் ஓடும் எண்டு உத்தரவாதம் குடுக்க வேண்டிய சாமானுக்கு அதிலை ஒரு பட்டியலும் இருக்கு; குளிர்ப்பெட்டி, உடுப்புத் தோய்க்கிற மெசின் எண்டு போற அந்தப் பட்டியலிலை வீடியோ கேம் பெட்டியும் நிக்குது. கேக்கச் சந்தோசம். மாடு நோயில்லாமல் நிக்கோணும் எண்டு சட்டம் சொல்லுது. புல்லுப் போடுறது ஆர் எண்டதுதான் கேள்வி.

இனிப் பெடியளுக்கு ஒரு சொல். புதுசு வேண்டாதை எண்டு நான் சொல்லமாட்டன்; நான் சொல்லி நீங்கள் கேட்டதா சரித்திரம் இல்லை. ஆனால் கூட்டாளி எதை வைச்சிருக்கிறான் எண்டு பாத்திட்டு வேண்டு. நாலு பேர் அஞ்சை வேண்டி, அஞ்சாவது பெடியன் நாலோடை வீட்டிலை இருந்தால், உங்கடை 60 படத்திலை அவன்ர படம் வராது. எங்கடை முன்னோர் பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து எண்டவை. நீங்கள் படைக்கு முந்திக்கொண்டு ஓடுறியள், அதுவும் கடனட்டையிலை.

இதெல்லாத்தையும் பேரனுக்கு நேரை சொல்லேல்லை. சொன்னால் காதிலை மூடியைப் போட்டிடுவான். பொறுக்கின பெட்டியை வரவேற்பறையிலை பூட்டிவிட்டிட்டு, மார்கழிக் குளிருக்கு அதுக்குப் பின்னாலை கையை வைச்சுக் காய்ஞ்சுகொண்டிருந்தன். வெளியிலை மைனஸ் இருபது, பின்பக்கத்தாலை வாற காத்து நல்ல இளஞ்சூடு. சும்மா கேட்டன்: "தம்பி, உந்தச் சீஜ் எண்டதை இது ஓடுமோ?"

ஓடும் எண்டான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டுத் தையல்காரத் தாயின்ர பெடியனுக்குச் செய்தி போட்டான். அவன் தன்ர வீட்டிலை நாலோடை, இவன் அறையிலை அஞ்சோடை, இன்னும் ரெண்டு பேர் லவாலிலை இருந்து. மொத்தம் நாலு. பக்கத்துக்கு அஞ்சு வேணும்.

அறைக் கதவு திறந்தது. "அப்பப்பா, ஒண்டும் செய்ய வேண்டாம். உந்தப் பெட்டியிலை வந்து ஒரு மூலையிலை சும்மா நில்லுங்கோ. கதவாலை ஆரும் வந்தால் சொல்லுங்கோ."

கரவெட்டியிலை புகையிலைத் தோட்டத்துக்கு இரவுக் காவல் இருந்தவனிட்டைச் சொல்லுறான். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கொண்டு போய் மூலையிலை நிண்டன். முதல் தரமே, கதவாலை வராமல் சுவரை உடைச்சுக்கொண்டு வந்து சுட்டாங்கள், கள்ளப் பெடியள்.