இறங்க மறுத்த ஜாகீர்

1975 ஏப்ரல் 19. சோவியத் ராக்கெட்டில் ஏறி ஆரியபட்டா வானத்துக்குப் போயிற்று. நாடு விண்வெளி யுகத்துக்குள் கால் வைத்த அந்த நாளில், கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ராஜ்ஜியம்தான் நடந்துகொண்டிருந்தது. அங்குள்ள வெள்ளிமலைக்காரருக்கு உச்சந்தலைக்கு மேலே செயற்கைக்கோள், பிடரியில் ஜாகீர்.

மறுவருடமே அரசாங்கம் ஜாகீரை இறக்கிவிட்டது. ஆரியபட்டாவை இறக்கத்தான் நாதியில்லை. ஐந்து நாளுக்குள் ஆய்வுக் கருவிகளுக்கு மின்சாரம் போய்விட்டது; ஐயா மட்டும் 1992 பிப்ரவரி வரை மேலேயே ஜாகை!

இப்படிப்பட்டவர்களை இறக்க ஒரு வழி உண்டு: கயிறு. செயற்கைக்கோளிலிருந்து நீளமான மின்கம்பியைத் தொங்கவிட வேண்டும். நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் அது பூமியின் காந்தப்புலத்தை அறுத்துக்கொண்டு ஓடும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கும். சுற்றியுள்ள அயனிக் காற்று மின்சுற்றை முடித்து வைக்கும். அந்த மின்சாரத்தைப் பிடித்துக் காந்தப்புலம் பின்னுக்கு இழுக்கும். வேகம் குறையும், உயரமும் குறையும். எரிபொருள் தொட்டி வைக்க இடமில்லாத குட்டிச் செயற்கைக்கோளுக்கு இது வரப்பிரசாதம். நம் மலைக்கு மேலே காந்தக்கோடுகள் கிட்டத்தட்டப் படுத்தபடி தெற்கு வடக்காக ஓடுவதால், கிழக்கே பறப்பவனுக்கு இழுவை பிரமாதம். ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போவதில் பெரும்பாலானவை துருவப் பாதைக்காரர்கள். கோட்டோடு சேர்ந்தே ஓடுவார்கள். அவர்களிடம் கயிற்றின் ஜம்பம் அவ்வளவாகச் சாயாது.

கயிற்றின் பூர்வகதையோ சிரிப்பாய்ச் சிரிக்கும். ஆரியபட்டா எரிந்து விழுந்த அதே 1992-ல், மின்சாரம் எடுக்கும் சோதனைக்காக அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம் ஓர் இத்தாலியச் செயற்கைக்கோளை 20 கிலோமீட்டர் கயிற்றில் விடப் பார்த்தது. ஒரு போல்ட் வழிமறித்தது. வந்தது 256 மீட்டர். கமலைக் கிணற்றுக்காரர் யாரையாவது கூட்டிப்போயிருந்தால் வடத்தைச் சரிபார்த்திருப்பார்.

1996-ல் கொலம்பியா ஓடம் மறுபடி முயன்றது. இம்முறை 19.7 கிலோமீட்டர் வந்துவிட்டது, கள்ளக்குறிச்சிக்கும் சங்கராபுரத்துக்கும் இடையே கட்டலாம். 3,500 வோல்ட் ஏறியது. கம்பியின் உறையில் எங்கோ பழுது. தீப்பொறி பறந்தது, கயிறு எரிந்து அறுந்தது, செயற்கைக்கோள் கயிற்றோடு ஓட்டம்! இறங்கச் சொல்லி யாரும் அதை அனுப்பவில்லை. ஆனால் அந்த நீளக் கயிற்றை மெல்லிய காற்று பிடித்து உரசியதில், நான்கு வாரத்துக்குள் தானே விழுந்து எரிந்தது.

நிஜமாகவே இறக்கிப் பார்க்கும் எண்ணத்தோடு வந்தது ஜப்பான். 2017 ஜனவரி, கோனோடோரி சரக்குக் கலம், 700 மீட்டர் கயிறு. எலக்ட்ரான் உமிழும் கருவி ஒழுங்காக வேலை செய்தது. கயிறுதான் வெளியே வரவில்லை.