பட்டா யார் பேரில்?

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் கேம்களை இணையக் கடைகளில் மறுபடி விற்கிறார்களே, தூசி தட்டிக் காசாக்குவது அவ்வளவு சுலபமா?

பதில்: தூசி தட்டுவது சுலபம்தான். டாஸ் காலத்து ஆட்டம் என்றால், 'டாஸ்பாக்ஸ்' என்ற மென்பொருள் புதுக் கம்ப்யூட்டருக்குப் பழைய கம்ப்யூட்டர் வேஷம் கட்டிவிடும். போலந்தின் ஜி.ஓ.ஜி. கடை 2008 முதல் இப்படிப் பல ஆட்டங்களை விற்கிறது. பட்டாவைத் தேடுவதுதான் பெரும்பாடு! 1999-ல் வந்த 'சிஸ்டம் ஷாக் 2'-ஐ உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் நிறுவனம் மறு வருடமே மூடப்பட்டது. உரிமை யாரிடம் என்று ஸ்டீபன் கிக் என்பவர் துழாவினால், அது போய் உட்கார்ந்திருந்தது ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில். (ஆட்டத்தில் செத்துச் செத்துப் பிழைப்பவர்களுக்குப் பாலிசி போடவோ என்னவோ!) அவர்களிடம் பேசி முடித்து, 2013-ல்தான் ஆட்டம் கடைக்கு வந்தது.