ஒட்டகத்தைக் கட்டு, மாப்ள!

வா மாப்ள, உட்காரு. கச்சாங் பூத்தே எடுத்துக்கோ. புந்தோங்கில பொறந்துட்டு இதை வேணாம்னா ஊரே சிரிக்கும். விடியக்காலையில நீ வாட்சாப்புல அனுப்புற அரபுப் பழமொழியெல்லாம் ஒண்ணுவிடாம படிக்கிறேன். படத்துல சூரியன் எந்திரிச்சு வருது. அனுப்புன ஆளு மறுபடி போர்த்திக்கிட்டுப் படுத்துடுறான்.

அதுல ஒண்ணு, 'குரங்கும் தாய் கண்ணுக்கு மான்'. நம்ம ஊர்ல காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு சொல்லுவோமே, அதேதான். என் தங்கச்சி உன்னை மான்னுதான் சொல்றா. நான் தாய்மாமன், எனக்கு அந்தக் கண்ணு இல்ல. அதனால நல்லாக் கேட்டுக்கோ.

'ஒட்டகத்தைக் கட்டு, அப்புறம் இறைவனை நம்பு'ன்னு நேத்து அனுப்புனே. கட்டாம விட்டுட்டு நம்பலாமான்னு கேட்ட ஒருத்தருக்கு நபிகள் நாயகம் சொன்னதா திர்மிதி ஹதீஸ் தொகுப்புல இருக்கு. தங்கமான பேச்சு. நீ அதை அனுப்புன நேரத்துல உன் மோட்டார் சாவியோட வாசல்ல நின்னுச்சு. உன் ஒட்டகத்தை யாரு கட்டுறது? நானா?

போன வாரம், 'போர்வை அளவுக்குக் காலை நீட்டு'. அதையும் நீ அடுத்தவங்களுக்குத்தான் அனுப்புனே. ஊழியர் சேம நிதியில 2024 மே 11லேர்ந்து மூணாவது கணக்கு ஒண்ணு வந்துச்சு. மாசாமாசம் கட்டுற காசுல 75 விழுக்காடு வயசான காலத்துக்கு, 15 விழுக்காடு வீடு, படிப்பு, வைத்தியத்துக்கு, 10 விழுக்காடு இந்த மூணாவதுக்கு. இதுல 50 வெள்ளி இருந்தாலே எடுக்கலாம். அவசரத்துக்குன்னு வச்சாங்க மாப்ள. புதுக் கைபேசி வர்றதுதான் உனக்கு அவசரம். போர்வையவே கிழிச்சுக் கால்ல சுத்திக்கிறே.

ஹுனைன் கதை தெரியுமா? ஈராக் பக்கம் ஹீரான்னு ஒரு ஊரு, அங்கே செருப்புத் தைக்கிறவன். நாட்டுப்புறத்து ஆளு ஒருத்தன் வந்து பேரம் பேசிப் பேசி, கடைசியில வாங்காமப் போயிட்டான். ஹுனைனுக்குக் கோவம். முன்னாடியே போய் வழியில ஒத்தைச் செருப்பைப் போட்டான், இன்னும் தள்ளி மத்ததைப் போட்டுட்டு ஒளிஞ்சுக்கிட்டான். வந்தவன் முதல் செருப்பைப் பார்த்து, ஜோடி இல்லியேன்னு விட்டுட்டுப் போனான். ரெண்டாவதைப் பார்த்ததும் ஒட்டகத்தை அங்கேயே விட்டுட்டு முதலாவதை எடுக்க ஓடுனான். ஹுனைன் ஒட்டகத்தை மூட்டையோட ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். ஊர்ல கேட்டாங்களாம், பயணத்துல என்னப்பா கொண்டு வந்தேன்னு. 'ஹுனைனோட ரெண்டு செருப்பு'ன்னானாம். 1124ல செத்துப்போன மைதானி, ஆயிரக்கணக்கான அரபுப் பழமொழியைத் தொகுத்த நிஷாப்பூர்க்காரரு, இதையும் எழுதி வச்சிருக்காரு.

சிரிக்காதே. இன்னும் 20 வெள்ளிக்கு வாங்குனா அனுப்புற கூலி இலவசம்னு கைபேசிக்குள்ள இருக்குற கடை சொல்லுது. 5 வெள்ளிக் கூலியை மிச்சம் பிடிக்க, வேண்டாத சட்டைக்கு 20 வெள்ளி கட்டுறே. அந்த ஆளாவது செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்தான். உனக்கு அந்தச் சட்டை அளவும் சேரல.

கடைசியா ஒண்ணு. 'அவசரம் சைத்தான் வேலை.' இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதே. போலீசு பேசுறேன், பேங்கு பேசுறேன், உடனே பணத்தை மாத்துன்னு எவனாவது அவசரப்படுத்துனா போனை வச்சுடு. பணம் போயிட்டா வெட்கப்பட்டுக்கிட்டு உட்காராம உடனே 997க்குக் கூப்பிடு. மோசடிக்காரனைத் தடுக்க 2022ல அரசாங்கம் திறந்த மையம் அது. அந்த ஒரு விசயத்துல மட்டும் நீ அவசரப்படலாம், சைத்தான் கோவிச்சுக்க மாட்டான்.

தினம் ஒரு பழமொழி அனுப்புனது போதும், மாப்ள. ஒரே ஒரு பழமொழியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வருசம் நடந்து பாரு. ஊருக்குப் புத்தி சொல்ல நாங்க கிழவனுங்க இருக்கோம்.