‘நானா?’ – போச்சம்பள்ளிச் சந்தையிலிருந்து பாதுகாப்பு அமைச்சகத்திற்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பாதுகாப்பு அமைச்சகம், இந்திய அரசு, புது தில்லி.

பொருள்: மனநலப் பாதிப்புடன் வீடு திரும்பிய முன்னாள் படைவீரர்களின் இயலாமை ஓய்வூதியம் – மறுப்பாணைகளின் சிறப்பைப் பாராட்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1982ஆம் ஆண்டின் உரிமை விதிகள் (அமைச்சகமே எழுதியவை).

மதிப்பிற்குரிய அமைச்சகத்திற்கு,

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி வட்டாரத்தின் சார்பில் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுவது யாதெனில், இங்கே குறிக்கப்படும் ஊர் பட்டுச் சேலைக்குப் பெயர்போன தெலங்கானா போச்சம்பள்ளி அன்று. சிறப்புக் காவற்படையின் ஏழாவது பட்டாலியன் முகாமிட்டிருப்பதும், சிப்காட் தொழிற்பேட்டை அமைந்திருப்பதும், ஞாயிறுதோறும் சந்தை கூடுவதுமான தமிழ்நாட்டுப் போச்சம்பள்ளியே ஆகும். கோப்புகள் ஊர் மாறிச் செல்வது அமைச்சகத்திற்குப் பழக்கமான நிகழ்வு என்பதால் இவ்விளக்கம் முதலிலேயே தரப்படுகிறது.

முதற்கண் பாராட்டு. ‘டிசபிலிட்டி பென்ஷன்’ என்று மிலிட்டரிக்காரர் வீடுகளில் வழங்கும் இயலாமை ஓய்வூதியம், பணியால் விளைந்த அல்லது பணியால் மிகுந்த நோயோ காயமோ இருபது விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கும்போது வழங்கப்படுவது. மனச்சிதைவு, மனச்சோர்வு, பித்துநிலை ஆகியவற்றால் ‘போர்டு அவுட்’ செய்யப்பட்டு, அதாவது மருத்துவக் குழுவின் பரிந்துரையால் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு வருகிறவர் அதனைக் கோரும்போது அவருக்குப் பல வேளைகளில் கிடைக்கும் விடை, ‘பணியால் விளைந்ததும் அன்று, பணியால் மிகுந்ததும் அன்று’ என்பதாகும். இவ்விடையின் ஆங்கிலத் தொடரில் உள்ள முதலெழுத்துகளைச் சேர்த்துப் படைவட்டாரத்தில் ‘நானா’ என்று சுருக்கி அழைக்கிறார்கள். இச்சுருக்கம் தமிழில் எத்துணைப் பொருத்தமாக வாய்த்திருக்கிறது என்பதை அமைச்சகம் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ‘இந்த மனிதரின் மனம் உடைந்ததற்கு யார் காரணம்?’ என்று ஒரு குடும்பம் கேட்க, நாட்டின் மிகப் பெரிய அலுவலகங்களில் ஒன்று நெஞ்சில் கைவைத்து ‘நானா?’ என்று திருப்பிக் கேட்பதைக் காட்டிலும் சுருக்கமான மறுப்பாணையை எந்த மொழியிலும் எழுத இயலாது.

‘நானா’ என்னும் இக்கோட்பாட்டைச் சந்தைக்கும் விரிவாக்க இயலுமா என்று ஆராயப்பட்டதில் ஒரு சிக்கல் எழுந்துள்ளது. மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், பிறகுதான் தரகரின் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார். அவ்வாறு வாங்கிய மாட்டை ஒன்பது ஆண்டுகள் ஏரில் பூட்டி உழுதபின், ‘இதற்குப் பிறவியிலேயே குறை இருந்தது, எனவே தீனிக்கு யாதொரு பொறுப்பும் இல்லை’ என்று கொண்டுவந்து நிறுத்தினால், சந்தைக்காரர்கள் அவரைச் சிரித்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். படையோ மாட்டு வியாபாரியைவிடக் கூர்ந்து பார்க்கிறது. வீரரின் மருத்துவத் தகுதியைக் குறிக்கும் ‘ஷேப்’ என்னும் ஐந்தெழுத்து முறையில் செவி, கைகால், உடல்திறன், கண் ஆகிய நான்கிற்கும் முன்பாக முதலெழுத்தே மனநிலையைக் குறிக்கிறது. அந்த முதலெழுத்துக்கு நேரே குறையில்லை என்று ஆண்டுக்கணக்கில் எழுதிவந்த கையே, இறுதியில் அதே மனிதருக்குப் ‘பிறவிக்கூறு’ என்றும் எழுதுகிறது. பிறவிக்கூறு என்பது, நோய் உடலமைப்பிலேயே ஊறியிருந்தது, பணிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்லும் மருத்துவச் சொல்.

சந்தையின் இந்த நீதியைத்தான் அமைச்சகத்தின் 1982ஆம் ஆண்டு விதிகளும் கூறின என்பது கோப்பின் அடியில் புதைந்துபோன செய்தி. பணியில் சேரும்போது குறித்துவைக்கப்படாத நோய் பின்னாளில் தோன்றி ஒருவர் விடுவிக்கப்பட்டால் அது பணிக்காலத்தில் எழுந்ததாகவே கொள்ளப்படும்; தகுதியை மெய்ப்பிக்கும் சுமை கோருபவர்மேல் இல்லை; நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பயன் அவருக்கே உரியது; சேர்க்கையின்போது கண்டுபிடித்திருக்கவே முடியாத நோய் என்று மருத்துவர் கருதினால் அதற்கான காரணத்தை அவர் எழுத வேண்டும். ஆயினும் நடைமுறையில் சுமையைத் தூக்குகிறவர் யார்? தூக்கமின்றி, மாத்திரையின் மயக்கத்தில், சில வேளைகளில் தாம் நோயுற்றிருப்பதையே ஏற்காத நிலையில் இருக்கும் மனிதரும், அவருடைய மனைவியுமே.

நோய் எங்கே வந்தது என்பதிலும் அமைச்சகத்தின் நுண்ணறிவு வியக்கத்தக்கது. போர்முனை, கிளர்ச்சி ஒடுக்கும் பகுதி, உயர்மலை, தனித்த காவல்நிலை போன்ற இடங்களில் பணியாற்றும்போது தோன்றும் மனநோய்க்குப் பணியே காரணம் என்று ஒப்புக்கொள்ள ராணுவ மருத்துவ அலுவலர்களுக்கான வழிகாட்டி இடமளிக்கிறது. ஆகவே, மலையில் இரண்டாண்டு நின்றவரின் மனநோய் அவர் ‘பீஸ் ஸ்டேஷன்’ எனப்படும் அமைதிப் பணியிடத்திற்கு வந்தபின் தலைகாட்டுவது பெரும் ஒழுங்கீனமாகும். நோய் என்பது பணியிட மாற்ற ஆணையை முதலில் படித்துப் பார்த்துவிட்டு, மலையிறங்குவதற்கு முன்பே வந்துசேர வேண்டும். ஆனால் ஆயுதப்படை மருத்துவப் பணிகளுக்கான 1983ஆம் ஆண்டு விதிகளின் 423ஆம் பிரிவோ, காரணம் போர்க்களப் பகுதியில் நேர்ந்ததா, அமைதிச் சூழலில் நேர்ந்ததா என்பது பொருட்டன்று என்று எழுதிவைத்திருக்கிறது. நோய் எந்த நூலைப் படித்துவிட்டு வரவேண்டும் என்று அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இனி மேல்முறையீடு. ஆறு மாதத்திற்குள் முதல் மேல்முறையீட்டுக் குழு, பிறகு இரண்டாம் மேல்முறையீட்டுக் குழு, அதன்பின் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2009இல் செயல்படத் தொடங்கிய ஆயுதப்படைத் தீர்ப்பாயம் என்று வழி நீள்கிறது. ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் பிரயாக்ராஜில் இருக்கிறது. இப்பகுதியினருக்கு மனநலத்திற்கென்றே உள்ள பெரிய மருத்துவமனை என்றால் எல்லை தாண்டிப் பெங்களூரின் நிம்ஹான்ஸ் அண்மையானது. தீர்ப்பாயம் என்றாலோ எதிர்த்திசையில் சென்னை. மருந்துக்கு மேற்கே ஒரு பேருந்து, நீதிக்குக் கிழக்கே ஒரு பேருந்து என்ற இந்த ஏற்பாட்டில், வழக்குத் தேதியும் மருத்துவமனைத் தேதியும் ஒரே நாளில் வந்தால் எதைக் கைவிடுவது என்பதை விதிகள் கூறவில்லை.

தீர்ப்பு வீரருக்குச் சாதகமாக வந்தபின்னும் மேல்முறையீடு செய்வதில் அமைச்சகம் சோர்ந்துவிடுவதில்லை. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வலிப்பு நோயால் விடுவிக்கப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கில் மேற்கண்ட விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, மெய்ப்பிக்கும் சுமை அரசுக்குரியது என்று தெளிவாக்கியது. 2014இல் மற்றொரு வழக்கில், நோயின் காரணமாகவே ஒருவரை வெளியேற்றும் அளவுக்கு அது முற்றியிருந்தால் அதனை இருபது விழுக்காட்டுக்கு மேற்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்றது. 2015இல் அன்றைய அமைச்சர் மனோகர் பரிக்கர் அமைத்த வல்லுநர் குழுவும் இத்தகைய வழக்குகளில் அரசு மேல்முறையீடு செய்வதைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. அதற்குப் பின்னரும் 2025 மே மாதத்தில், மனச்சிதைவு என்று கூறி அனுப்பப்பட்ட ஒருவரின் வழக்கில், காரணம் கூறாத மருத்துவக் கருத்தை வைத்துக்கொண்டு ஓய்வூதியத்தை மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல நேர்ந்தது. அவர் படையைவிட்டு வந்தது 1998இல். அதற்கிடையில் 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்து, சில வகையினருக்கு ‘இயலாமைக் கூறு’ என்றிருந்த இடத்தில் ‘குறைபாட்டு நிவாரணம்’ என்னும் புதுப்பெயர் நுழைந்தது. உரிமைத்தொகை வெள்ள நிவாரணத்தின் சாயலைப் பெற்றது என்பதற்கு மேல் இப்பெயர் மாற்றத்தைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

பொய்யாக நோய் காட்டிப் பணம் பெறுவோரும் இருக்கக்கூடும் என்னும் அமைச்சகத்தின் அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் மனநோயாளி என்ற முத்திரை, சிப்காட் ஆலை வாயிலில் செக்யூரிட்டி வேலைக்கு நிற்பவருக்கும் பெண்ணுக்கு வரன் தேடுகிறவருக்கும் என்ன செய்யும் என்பதை அறிந்த ஊரில், அதனை ஆதாயத்திற்காக விரும்பி ஏற்பவர் மிக அரியவர்.

எனவே, விதிகளைத் திருத்துமாறோ தொகையை உயர்த்துமாறோ இவ்விண்ணப்பத்தில் வேண்டப்படவில்லை. அடுத்த மறுப்பாணையில் ‘நானா’ என்று எழுதியபின், ‘ஏனெனில்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை, வீட்டில் உள்ளவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் தமிழில் எழுதி, மருத்துவர் கையொப்பமிட்டு அனுப்புமாறு மட்டும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
போச்சம்பள்ளிச் சந்தையோர்.